கண்டுபிடித்ததற்கும் கூலி கொடுப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அறிவுரை சொல்லும் கட்டுரை ஒன்றைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் படித்தேன். பதினைந்து வயதை நெருங்கும் காரில் புதிதாகச் சத்தம் கேட்டு, இழுவையும் குறைந்துவிட்டால், மேற்கொண்டு செலவு செய்யாமல் வந்த விலைக்குத் தள்ளிவிடுவதே புத்திசாலித்தனம் என்று எழுதியிருந்தார்கள். தள்ளிவிடுகிறவருக்கு அது புத்திசாலித்தனம்தான். வாங்குகிறவர் தலையில் என்ன விழும் என்று ஒரு வரிகூட இல்லை. அதைவிடப் பெரிய குறை, அந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று கண்டுபிடிக்க முடியும் என்ற எண்ணமே கட்டுரையில் எங்கும் தலைகாட்டவில்லை.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாவு மில் நடத்துகிறேன். மிளகாய், மல்லி, அரிசி, கேழ்வரகு என்று காலையிலிருந்து இரைச்சலுக்குள்ளேயே இருப்பவள். அந்த இரைச்சலில் புதிதாக ஒன்று சேர்ந்தால் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே காது அந்தப் பக்கம் போய்விடும். ஷாஃப்ட் பேரிங் தேயத் தொடங்கினால் முதலில் ஒரு கரகரப்பு. சில நாளில் ஆம்பியர் மீட்டரின் முள் கொஞ்சம் ஏறி நிற்கும். சூடும் புகையும் அதற்கெல்லாம் பிறகுதான். கரகரப்புக் கட்டத்திலேயே நீளமான திருப்புளியின் நுனியைப் பேரிங் கூட்டின் மேல் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டால் எந்தப் பேரிங் என்று தெரிந்துவிடும். மில்லில் இருக்கிற பேரிங்கையெல்லாம் மொத்தமாக மாற்றிப் பார்க்கிறேன் என்று எந்த ஃபிட்டராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுவேன். காருக்கு மட்டும் அதை எப்படியோ ஒப்புக்கொள்கிறோம்.

காரில் கேட்கும் சத்தத்துக்கு முதல் கேள்வி ஒன்றுதான். அது என்ஜின் சுற்றோடு ஏறுகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு ஏறுகிறதா? வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் ஏறுகிறது என்றால் என்ஜினையும் அதோடு சுற்றுகிற பெல்ட், ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப், சைலன்சர் குழாயையும் பார்க்க வேண்டும். நிற்கும்போது ஒன்றும் இல்லாமல், ஓடும்போது மட்டும் வந்து, வேகம் கூடக்கூட ஊளையிட்டால் சக்கரப் பக்கம் போக வேண்டும். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது அந்த ஊளை கூடிக் குறைந்தால் பெரும்பாலும் வீல் பேரிங். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் 'டக் டக் டக்' என்றால் ஆக்சில் மூட்டு. கிளட்சை மிதித்ததும் சத்தம் வந்தாலோ நின்றாலோ கிளட்ச் பேரிங்கும் கியர் பெட்டியும். ஏசியைப் போட்டதும் வந்தால் கம்ப்ரசர். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக்கடிக்க ஆரம்பித்து, என்ஜின் சூடானதும் அடங்கிவிட்டால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிகிறதா என்று பார்க்கலாம். இதற்கெல்லாம் எந்தக் கருவியும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

ஒரு சத்தத்துக்கு மட்டும் சோதனை கீதனை எதுவும் கிடையாது. என்ஜினின் அடிப்பகுதியிலிருந்து, சுத்தியலால் அடிப்பதுபோல் கனமாக, பாரம் ஏறும்போது இன்னும் ஓங்கி வருகிற சத்தம் அது. ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஆயில் அளவைப் பாருங்கள். வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர் என்ஜின் வேலைக்குப் பணம் தயார் செய்துகொண்டு ஓட்டலாம்.

எங்கள் ஊருக்கென்று ஒரு சத்தம் உண்டு. கடல் காற்றில் உப்பு. சைலன்சர் குழாய்மேல் வெப்பம் தடுக்க வைத்திருக்கும் மெல்லிய தகடு, போல்ட் இருக்கும் இடத்தில் துருப்பிடித்துக் கழன்றுகொள்ளும். என்ஜின் ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கு வரும்போது மட்டும் 'சில்ல்ல்' என்று அதிரும். அதைத் தாண்டினால் நின்றுவிடும். கேட்பவர்களுக்கு என்ஜினே கழன்று விழப்போகிறது என்று வயிற்றைக் கலக்கும். பெரிய ஓஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி முறுக்கினால் தீர்ந்தது. தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்த வீட்டில் இருக்கும் என் நாத்தனார் வண்டிக்கு இதற்காக முழு சைலன்சரையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

இனி என் கார். 2011இல் சென்னையில் வாங்கியது, நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. கம்பெனி எது என்பது இங்கே தேவையில்லை. குற்றம் கம்பெனி மேல் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர்ந்ததும் கடலூர்க்காரர் எவருக்கும் மறக்காது. அந்த வாரம் ஆல்பேட்டைப் பக்கம் இருந்த உறவினர்களை அழைத்துவர இந்த வண்டிதான் தண்ணீரில் இறங்கி ஏறியது. என்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை. பிரச்சினை வந்தது பொங்கல் கழிந்த பிறகு.

முதலில் சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் தரையோடு, தகர உண்டியலைக் குலுக்கினால் வருமே, அப்படி ஒரு கலகலப்பு. லேசாக ஆக்சிலரேட்டரைத் தொட்டால் மறையும், விட்டால் திரும்ப வரும். பிறகு இழுவை குறைந்தது. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. நெல்லிக்குப்பம் சாலையில் அறுபதைத் தாண்டி மிதித்தால் மட்டும், மிதித்த அளவுக்கு ஏறாமல் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கும். கடலூரில் சமதளம்தான் அதிகம்; வண்டியின் தெம்பைப் பார்க்க வேண்டுமென்றால் கேப்பர் மலை ஏற்றத்துக்குத்தான் போக வேண்டும். மூன்றாவது கியரில் சாதாரணமாக ஏறுகிற வண்டி இரண்டாவது கியரில் முனகியது. மேலே போய்ச் சேரும்போது வெப்பம் காட்டும் முள்ளும் வழக்கத்தைவிட மேலே நின்றது.

ஊரில் பெரிதாக நடக்கும் பணிமனை ஒன்றில் விட்டேன். பெயர் எழுதப்போவதில்லை, அங்கே நடந்தது எந்த ஊரிலும் எந்தப் பணிமனையிலும் நடப்பதுதான். வரவேற்பில் இருந்த தம்பி, "என்ன கம்ப்ளைன்ட் மேடம்?" என்று கேட்டார். மேலே எழுதிய அத்தனையையும் சொன்னேன். எப்போது வருகிறது, எப்போது மறைகிறது, எந்த கியரில் திணறுகிறது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் அட்டையில் எழுதிக்கொண்டது "நாய்ஸ், பிக்கப் இல்லை". கணினியில் அதற்குமேல் இடம் இல்லையாம்.

அங்கிருந்து தொடங்கியது மாற்றும் படலம். ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர். திராட்டில் சுத்தம் செய்தார்கள். சரியாகவில்லை. அடுத்த முறை பெட்ரோல் பம்ப். அதற்கும் அடுத்த முறை, கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும், அதையும் மாற்றிவிடலாம் என்றார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கிளட்ச் நழுவினால் என்ஜின் சுற்று ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. மில்லில் பெல்ட் நழுவுகிறபோது மோட்டார் ஓடும், கல் தளர்ந்து சுற்றும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரிந்த விஷயம். என் வண்டியிலோ சுற்றே ஏறவில்லை. சுற்று காட்டும் முள் மூவாயிரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்தது. அப்படியிருக்கக் கிளட்சைத் திறப்பானேன்? கேட்டேன். "பழைய வண்டி மேடம், எப்படியும் மாற்ற வேண்டியதுதான்" என்றார்கள்.

'எப்படியும் மாற்ற வேண்டியதுதான்' என்பதற்கு எதிராக எதை வாதாடுவது? பதினைந்து வயது வண்டியில் எந்தப் பாகத்தைப் பற்றி வேண்டுமானாலும் அப்படிச் சொல்லலாம்.

நடுவில் பெட்ரோல் மேலும் பழி விழுந்தது. புதுச்சேரியில் விலை குறைவு என்பதால் கடலூர்க்காரர்கள் பலர் கன்னியக்கோயில் பக்கம் போகும்போது டேங்கை நிரப்பிக்கொண்டு வருவோம். "அந்தப் பெட்ரோல்தான்" என்றார் ஒருவர். "இருபது சதவீதம் எத்தனால் கலக்கிறார்களே, அதுதான்" என்றார் இன்னொருவர். எத்தனாலைப் பற்றிக் குறை சொல்ல நியாயமான விஷயங்கள் இருக்கின்றன. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது. இருபது சதவீதக் கலப்பால் பழைய நான்கு சக்கர வண்டிகளில் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே சொன்னது. ஆனால் அது எல்லா வேகத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிற குறை. அறுபது வரை ஒழுங்காகப் போய், அதற்குமேல் சுவரில் முட்டியதுபோல் நிற்பதற்கும் தரையடியில் கலகலப்பதற்கும் எத்தனாலை எப்படிக் காரணம் சொல்வது? எல்லாருக்கும் இப்போது கைக்கு எட்டிய குற்றவாளி அது. சொல்லிவிட்டால் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை.

இன்னொன்றும் செய்தார்கள். டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்கேனரைச் சொருகி, காரின் கணினி பதிந்து வைத்திருந்த கோளாறு எண்ணை அழித்து, விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள். என்ன எண் வந்தது என்று கேட்டதற்கு, "இப்போது ஒன்றும் இல்லை மேடம், க்ளியர் செய்துவிட்டோம்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார்கள். கோளாறு வந்த நேரத்தில் என்ஜின் எத்தனை சுற்றில் ஓடியது, எவ்வளவு சூடாக இருந்தது என்ற குறிப்பும் பல வண்டிகளில் அந்த எண்ணோடு சேர்ந்து பதிந்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். சாட்சியை ஊருக்கு அனுப்பிவிட்டு வழக்கு முடிந்தது என்று சொல்வதற்கு முப்பதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக என்னிடம் வாங்கினார்கள். கலகலப்பு அப்படியே இருந்தது.

மிளகாய் மூட்டை எடுக்க வில்லியனூர்ப் பக்கம் போகிற எங்கள் லாரி ஓட்டுநர் சொன்னதைக் கேட்டு, அங்கே சாலையோரம் இருக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். முப்பது வயது மதிக்கத்தக்க பையன். ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு முடித்தவர். வண்டியைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "அக்கா, என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்ல ஐந்நூறு ரூபாய். இங்கே வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அது உண்டு." பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார். எனக்கு அந்தப் பையன் மேல் அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

முதலில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே கீழே படுத்து, ரப்பர் சுத்தியலால் சைலன்சர் குழாயின் ஒவ்வொரு பகுதியையும் மெல்லத் தட்டிக்கொண்டு வந்தார். என்ஜினுக்கு அடுத்து இருக்கும் தடித்த பகுதிக்கு வந்ததும் உள்ளே ஏதோ சிதறிக் குலுங்கியது. அதுதான் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைப்பதற்காக 1995இல் முதலில் நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். உள்ளே தேன்கூடுபோல் நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி இருக்கும். அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்களின் மெல்லிய பூச்சு. கட்டி உடைந்தால் துண்டுகள் குலுங்கும். உடைந்த துண்டு வாயை அடைத்துக்கொண்டால் புகை வெளியே போகாது. பழைய புகை வெளியேறாத சிலிண்டருக்குள் புதுக் காற்று எங்கிருந்து வரும்? கலகலப்பும் இழுவைக் குறைவும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பது இவ்வளவுதான். மெதுவாக ஓட்டும்போது புகை குறைவு, இருக்கிற சந்தில் போய்விடுகிறது, மிதிக்கும்போதுதான் முட்டிக்கொள்கிறது.

தட்டிப் பார்த்ததோடு அவர் தீர்ப்பு எழுதிவிடவில்லை. என்ஜின் காற்று இழுக்கும் மேனிஃபோல்டில் ஒரு சின்னக் குழாயைக் கழற்றி, காற்றை உறிஞ்சும் விசையை அளக்கும் வேக்கம் கேஜை மாட்டினார். உள்ளங்கை அளவு வட்ட முகப்பு, ஓரத்தில் கிரீஸ் பிடித்து எண்கள் பாதி மறைந்திருந்தன. சும்மா ஓடும்போது முள் 18 அங்குலத்தில் அசையாமல் நின்றது. கடல் மட்டத்தில் 17 முதல் 21 வரை இருந்தால் நல்ல என்ஜின் என்றார். வால்வு, பிஸ்டன் ரிங் பயமெல்லாம் அந்த ஒரு பார்வையில் பெருமளவு போய்விட்டது. பிறகு என்னையே உள்ளே உட்காரவைத்து, 2,500 சுற்றில் பிடித்து வைக்கச் சொன்னார். மிதித்ததும் முள் விழுந்து, மறுபடி எழுந்து, பதினெட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. "அப்படியே பிடியுங்கள் அக்கா." பிடித்தேன். யாரோ அந்த முள்ளை விரலால் மெல்லத் தள்ளுவதுபோல் அது இறங்கத் தொடங்கியது. பதினாறு, பதினான்கு, பன்னிரண்டு. என் கால் அசையவில்லை. முள் இறங்கிக்கொண்டே இருந்தது. வெளியேறும் வழி அடைந்திருந்தால் இப்படித்தான் ஆகுமாம்; உள்ளே புகை சேரச் சேர என்ஜினால் காற்றை இழுக்க முடியாமல் போகிறது.

அடுத்து கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தம் அளக்கும் மீட்டரை வைத்தார். அதே 2,500 சுற்றில் மூன்று பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் அதைத் தாண்டி எங்கோ போனது. மீட்டரையும் எடுத்துவிட்டு, துளையைத் திறந்தபடியே வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினார். காது கிழிகிற சத்தம். ஆனால் வண்டி இழுத்தது. நான் வாங்கிய வருடத்தில் இழுத்ததுபோல் இழுத்தது. ஒரு ரூபாய்க்குப் பாகம் மாற்றாமல் மூன்று சாட்சி கிடைத்துவிட்டது.

இதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். கன்வெர்ட்டரை மாற்றிக் காசு வாங்கியிருக்கலாம். "இது ஏன் உடைந்தது என்று தெரியாமல் புதிது போட்டால் அதுவும் போய்விடும்" என்று ஸ்கேனரை எடுத்தார். அழிக்கப்பட்ட எண் அதற்குள் திரும்ப வந்திருந்தது: பி0303. மூன்றாவது சிலிண்டரில் அவ்வப்போது மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் எரியாமல் போகிறது. எரியாத பெட்ரோல் வெளியே போய்க் கன்வெர்ட்டருக்குள் எரியும். பீங்கான் தாங்கக்கூடிய வெப்பத்தை அது தாண்டிவிடும். ஆனால் அந்த எண் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. பிளக், அதற்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டரின் கம்ப்ரஷன் எதுவாகவும் இருக்கலாம். பிளக் புதிது. அவர் மூன்றாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் போட்டு, முதலாவதை மூன்றில் போட்டார். எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகு அழித்தார். ஒரு சுற்றுப் போய்வந்து மறுபடி சொருகினால் பி0301. கோளாறு காயிலோடு இடம் மாறிவிட்டது. கையில் எடுத்துப் பார்த்தால் ரப்பர் உறையின் ஓரத்தில் மயிரிழை விரிசல், அதன் வழியே மின்சாரம் பாய்ந்த வெளுத்த தடம். வெள்ளத் தண்ணீரில் சூடான கன்வெர்ட்டர் இறங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாமா என்று கேட்டேன். இருக்கலாம், சூட்டில் இருக்கும் பீங்கான் திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடும், ஆனால் அதை இனி நிரூபிக்க முடியாது, காயிலை நிரூபித்துவிட்டேன் என்றார். தெரிந்ததையும் தெரியாததையும் இப்படிப் பிரித்துச் சொல்லும் ஆளை நான் அரசு அலுவலகங்களில்கூட அதிகம் பார்த்ததில்லை.

கன்வெர்ட்டரின் விலை வலிக்கத்தான் செய்தது. உள்ளே இருப்பதைக் குத்தி எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டிவிடலாம் என்று யோசனை சொல்ல நாலு பேர் வந்தார்கள். வண்டி நன்றாக இழுக்கும்; அடுத்த புகைச் சோதனையில் மாட்டும். பாரத் ஸ்டேஜ் 4 என்ற மாசு வரம்பின்கீழ் வந்த பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதைவிட, சிக்னலில் எனக்குப் பின்னால் ஸ்கூட்டியில் பிள்ளையை உட்காரவைத்து நிற்கிற பெண் அந்தப் புகையை ஏன் குடிக்க வேண்டும்? மாற்றினேன். வண்டி இப்போது கேப்பர் மலையில் மூன்றாவது கியரில் ஏறுகிறது.

ஆசிரியரே, நான் இவ்வளவு நீட்டி எழுதியது அந்த ஐந்நூறு ரூபாய்க்காக. எங்கள் மில் வாசலில் பலகை இருக்கிறது. எந்தத் தானியத்துக்கு கிலோவுக்கு எவ்வளவு கூலி என்று எழுதியிருக்கிறோம். எந்தப் பணிமனையிலும் "கோளாறு கண்டுபிடிக்கக் கூலி" என்று ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. பில்லில் பாகத்துக்கு விலை இருக்கிறது, மாற்றியதற்குக் கூலி இருக்கிறது. யோசித்ததற்கு இடமில்லை. அரை நாள் மீட்டரை மாட்டி, சுத்தியலால் தட்டி, கடைசியில் "இந்தக் கிளிப்பை முறுக்கினால் போதும்" என்று சொல்கிறவருக்கு நாம் கொடுப்பது ஐம்பது ரூபாயும் ஒரு டீயும். யோசிக்காமல் பம்பை மாற்றியவருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். அப்புறம் மாற்றாமல் என்ன செய்வார்கள்?

பணிமனைக்காரர்களை மட்டும் திட்டிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. என் கொழுந்தனார் ஒருவர், பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், "பார்த்ததற்குமா காசு?" என்று அந்தப் பையனைப் பற்றி என்னிடமே கேட்டார். அவர் வண்டியில் ஊளைச் சத்தத்துக்காக நாலு டயரையும் மாற்றியிருக்கிறார்; ஊளை நிற்கவில்லை. அதற்கு அவர் பேரம்கூடப் பேசவில்லை. கையில் பொருள் வந்தால்தான் கொடுத்த காசு கண்ணுக்குத் தெரிகிறது நமக்கு.

இந்தப் பேச்சு இப்போது அவசரம். 2011ஆம் ஆண்டு கார்களுக்குப் பதினைந்து ஆண்டுப் பதிவு முடிகிற காலம் இது. 2022 ஏப்ரலில் காருக்கான பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள். தகுதிச் சோதனையில் தேறினால் மேலும் ஐந்து ஆண்டு ஓட்டலாம். சோதனைக்கு முன்னால் பணிமனைகளில் கூட்டம் சேரும். பழைய வண்டி, எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்ற வசனம் நிறைய பேர் காதில் விழும். அவர்களிடம் நான் சொல்வது: சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், முடிந்தால் சூப்பர்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் கேட்கச் செய்யுங்கள். ஸ்கேனர் எண்ணை அழிப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடிப்பதற்கு என்ன கூலி என்று நீங்களே முதலில் கேளுங்கள், கேட்டதைக் கொடுங்கள். மாற்றினால் பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். கன்வெர்ட்டர் என்றால் கட்டாயம் வாங்குங்கள். அதற்குள் இருக்கும் உலோகங்களுக்கு உடைந்த நிலையிலும் மதிப்பு உண்டு. அதைச் சொல்லாமல் மூலையில் எடுத்து வைத்துக்கொள்கிற இடங்கள் உண்டு.

என்னுடையதை அந்தப் பையன் உடைந்த துண்டுகளோடு ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார், மில்லில் மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறது. பழைய இரும்பு எடுக்க வருகிறவர் தகர விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. கடலூரிலோ புதுச்சேரியிலோ இதை எடை போட்டு, உள்ளே இருப்பதற்கு நியாயமாக விலை கொடுத்து, ரசீதும் கொடுத்து வாங்குகிறவர் யாராவது இருக்கிறாரா? தெரிந்த வாசகர்கள் இந்தப் பகுதிக்கு எழுதினால் எனக்கு மட்டுமல்லாமல் இன்னும் பலருக்கு உதவும்.

இப்படிக்கு,
மாவு மில் நடத்தும் வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.